நிருபர் தன் ஆசிரியரிடம் சொல்லப்போகும் ஒரு வாக்கியம்: மக்கள் தொடர்பு (பிஆர்) வேலைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாளிதழ் அலுவலகங்களில் காலைக் கூட்டம் என்று ஒன்று நடக்கும். செய்தி ஆசிரியர் கையில் ஒரு தாள் இருக்கும், சுற்றிலும் நிருபர்கள். "உன்கிட்ட என்ன இருக்கு?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வருவார். நிருபருக்குக் கிடைப்பது ஒரு வாக்கியம், நல்ல நாளாக இருந்தால் இரண்டு. அவர் சொல்லி முடித்ததும் ஆசிரியர் தலையைத் தூக்காமலே கேட்பார்: "சரி, அதுக்கென்ன இப்போ?" இதற்குப் பதில் இல்லாத கதை அங்கேயே விழுந்துவிடும்.

ஆறு வருடம் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டுத்தான் நான் பிஆர் பக்கம் வந்தேன். இந்தப் பக்கம் வந்தபின் பார்த்தால், நிருபரிடம் கதையை விற்றுவிட்டால் வேலை முடிந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அதற்குப் பிறகு நிருபர் அதே கதையை உள்ளே போய் விற்றாக வேண்டும் என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. அவர் சொல்ல வேண்டிய அந்த ஒரு வாக்கியத்தையும், "அதுக்கென்ன இப்போ" என்பதற்கான பதிலையும் தயார் செய்து கையில் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில், கதை இருக்கிறதா?

நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டு விஷயத்தைப் படித்துப் பாருங்கள். எதுவும் மிஞ்சவில்லை என்றால் அது விளம்பரத் துறைக்குப் போக வேண்டியது. புதிய லோகோ, பத்தாம் ஆண்டு விழா, புரிந்துணர்வு ஒப்பந்தக் கையெழுத்து, பணம் கட்டினால் யாருக்கும் கிடைக்கும் விருது, இவையெல்லாம் பெயரை எடுத்ததும் காற்றாகிவிடும். மேலாளர் எவ்வளவு உற்சாகமாக இருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்தத் தொழிலில் கஷ்டமான பேச்சு நிருபரோடு நடப்பதில்லை, நமக்குச் சம்பளம் கொடுப்பவரோடுதான் நடக்கிறது.

ஒரு நிகழ்வு எப்படிச் செய்தியாகிறது என்று உட்கார்ந்து ஆராய்ந்தவர்கள் உண்டு. யோஹான் கால்டுங், மாரி ஹோல்ம்போ ரூகே என்ற இருவர், நார்வே நாளிதழ்களில் வெளிநாட்டுச் செய்திகள் வந்த விதத்தைப் பார்த்து 1965-இல் பன்னிரண்டு காரணங்களைப் பட்டியல் போட்டார்கள். எதிர்பாராதது, வாசகருக்கு நெருக்கமானது, ஒரு மனிதரின் முகம் தெரிவது, கெட்டது நடந்தது என்று போகும் அந்தப் பட்டியல். கடைசியாகச் சொன்னதை எந்த நிறுவனமும் விரும்பாது என்பது வேறு விஷயம்.

அதில் எனக்கு அதிகம் உதவியது வேறொரு காரணம்: நிகழ்வின் வேகமும் ஊடகத்தின் வேகமும் ஒத்துப்போக வேண்டும். நாளிதழ் ஒரு நாளில் மூச்சுவிடுகிறது. பத்து வருடமாக மெல்ல மெல்ல நடக்கும் மாற்றத்துக்கு அதில் இடம் கிடைக்காது. அந்த மாற்றத்துக்குள் "நேற்று", "இன்று", "அடுத்த வாரம்" என்று சொல்லும்படி ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். ஓர் அறிக்கை வெளியாகிற நாள், ஒரு விதி நடைமுறைக்கு வருகிற நாள், ஒரு நபருக்கு ஏதோ ஒன்று நடந்த நாள். கிடைத்தால் ஆசிரியரின் கேள்விக்கு அதுவே பதில்.

யாரிடம் போவது

ஊடகப் பட்டியல் என்று ஓர் எக்செல் கோப்பு எல்லா அலுவலகத்திலும் இருக்கும். அதில் பாதிப் பேர் வேலை மாறியிருப்பார்கள், மீதியில் பாதிப் பேர் பீட் (அவர்கள் கவனிக்கும் துறை) மாறியிருப்பார்கள். அதைத் திறந்து எல்லாருக்கும் ஒரே மெயிலை அனுப்புவது, கல்யாணப் பத்திரிகையைத் தெருவில் வீசிவிட்டு வருவது போல.

அனுப்பப் போகிற நிருபரின் கடைசிப் பத்துச் செய்திகளைப் படியுங்கள். தலைப்பை மட்டும் மேய்ந்தால் போதாது, உள்ளே போய்ப் படிக்க வேண்டும். அவர் எண்களை விரும்புகிறவரா, மனிதர்களைத் தேடுகிறவரா, நிறுவனங்களை அடித்து எழுதுகிறவரா என்பது பத்தாவது செய்திக்குள் தெரிந்துவிடும். ஒருவருக்கு இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆறு பேருக்கு ஒரு நாள் போய்விடும். அந்த ஆறு மெயில், இருநூறு பேருக்குப் போகும் பொது மெயிலைவிட அதிகம் வேலை செய்யும்.

ஒரே நிறுவனத்துக்குள்ளும் வாசல்கள் பல. அன்றாடச் செய்திக்கு பீட் நிருபர். நிதானமாக எழுத வேண்டிய கதைக்கு ஞாயிறு இணைப்போ சிறப்புப் பக்கமோ பார்க்கும் ஆசிரியர். தொலைக்காட்சியில், யாரை எங்கே கேமராவோடு அனுப்புவது என்று முடிவுசெய்யும் அசைன்மென்ட் டெஸ்க். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி "விஷுவல் என்ன இருக்கு?" என்பதுதான். மேடையில் நாலு பேர் பூங்கொத்தோடு நிற்பது விஷுவல் ஆகாது. செய்தி முகமைகளை மறந்துவிடாதீர்கள். 1846-இல் தொடங்கிய அசோசியேட்டட் பிரஸ்ஸும் 1851-இல் தொடங்கிய ராய்ட்டர்ஸும் இன்றும் ஒரே செய்தியைப் பல ஊடகங்களுக்கு ஒரே நேரத்தில் கொண்டுசேர்க்கின்றன. அங்கே ஒருவர் எடுத்துக்கொண்டால் நாம் தனித்தனியாகத் தட்ட வேண்டிய கதவுகள் குறையும். துறைசார் இதழ்களை ஏளனமாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய ஊடக நிருபர்கள் கதை தேடிப் படிக்கிற இடங்களில் அவையும் உண்டு.

என் முதல் வருடத்துக் கூத்து ஒன்று. ஒரு நிருபருக்கு எழுதிய மெயிலை நகலெடுத்து, அவருடைய போட்டிப் பத்திரிகை நிருபருக்கு அனுப்பினேன். மேலே பெயரை மாற்றிவிட்டேன். மூன்றாவது வரியில் "உங்கள் பத்திரிகையின் வாசகர்களுக்கு" என்பதற்குப் பதில் முதல் பத்திரிகையின் பெயர் அப்படியே கிடந்தது. ஒரே வரியில் பதில் வந்தது: "அவங்களுக்கே கொடுத்திடுங்க." இன்றைக்கும் அனுப்பும் பொத்தானை அமுக்கும் முன் மெயிலைக் கீழிருந்து மேலாக ஒரு முறை படிக்கிறேன். மேலிருந்து படித்தால் நம் கண் நாம் எழுத நினைத்ததைத்தான் படிக்கும்.

மெயிலை எழுதுவது

கற்பனையாக ஒன்றை எடுத்துக்கொள்வோம். காதுகேள் கருவி தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனம், புதிய மாடல் ஒன்றைக் கொண்டுவருகிறது. வழக்கமாகப் போகும் மெயில் இப்படி இருக்கும்:

"பொருள்: பத்திரிகைச் செய்தி – உடனடி வெளியீட்டுக்கு – காதுகேள் கருவித் துறையில் புதிய மைல்கல்!

அன்புடையீர், வணக்கம். புதுமைக்கும் தரத்துக்கும் பெயர்பெற்ற முன்னணி நிறுவனமான நாங்கள், எங்கள் அதிநவீனக் கருவியை அறிமுகப்படுத்துவதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம். விவரங்களுக்கு இணைப்பைக் காண்க. தங்கள் மேலான இதழில் பிரசுரித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இதை வைத்துக்கொண்டு நிருபர் காலைக் கூட்டத்தில் என்ன சொல்வார்? "சார், ஒரு கம்பெனி மெஷின் விடுதாம்." அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அதே நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் வேறு மெயில் எழுதலாம்:

"பொருள்: வாங்கிய காதுகேள் கருவியைப் பெரியவர்கள் ஏன் மாட்டிக்கொள்வதில்லை? சர்வீஸ் பதிவேடு காட்டும் காரணம்

வணக்கம். காது மந்தமானவர்கள் வீட்டுக்குள்ளேயே ஒதுங்கிப்போவது பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதையொட்டி ஒன்று.

காதுகேள் கருவி செய்யும் ஒரு நிறுவனத்தின் பிஆர் பொறுப்பில் இருக்கிறேன். 'வேலை செய்யவில்லை' என்று சர்வீஸுக்கு வந்த கருவிகளை ஓராண்டு குறித்துவைத்துப் பார்த்ததில், இத்தனையில் இத்தனை கருவிகளுக்குக் கோளாறே இல்லை. சின்ன பேட்டரிக் கதவைத் திறக்க விரல் ஒத்துழைக்காமல் கிடப்பில் போட்டிருக்கிறார்கள். பெயர்களை நீக்கிவிட்டு அந்தப் பதிவேட்டை முழுதாகத் தருகிறோம்.

பேசச் சம்மதித்தவர்கள்: கருவியை இரண்டு வருடம் அலமாரியில் வைத்திருந்த 71 வயது ஓய்வுபெற்ற ஆசிரியை, எங்கள் நிறுவனத்தோடு தொடர்பில்லாத செவித்திறன் நிபுணர் ஒருவர், எங்கள் வடிவமைப்பாளர். மூவரும் வியாழன் வரை எப்போது வேண்டுமானாலும் பேசுவார்கள்.

அடுத்த மாதம் பேட்டரிக் கதவே இல்லாத, சார்ஜ் போடும் மாடல் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவருகிறோம். ஆகவே இந்தக் கதை வந்தால் எங்களுக்கு லாபம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்."

கீழே கைப்பேசி எண். முடிந்தது.

இப்போது நிருபருக்கு வாக்கியம் கிடைத்துவிட்டது: "சார், காது மெஷின் வாங்கியும் பெரியவங்க போட்டுக்காததுக்குக் காரணம் காது இல்ல, விரல்." ஆசிரியர் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

"இத்தனையில் இத்தனை" என்ற இடத்தில் நிஜப் பதிவேட்டு எண் மட்டும்தான் வர வேண்டும். எண் இல்லையென்றால் அந்த வாக்கியமும் இல்லை. நமக்கு லாபம் உண்டு என்பதை நாமே சொல்லிவிடுவதைப் பலர் தற்கொலை மாதிரி பார்க்கிறார்கள். நிருபருக்கு அது எப்படியும் தெரியும். நாம் சொன்னால் மற்றதையும் நம்புவார், மறைத்தால் எதையும் நம்ப மாட்டார். தொடர்பில்லாத நிபுணரைச் சேர்த்ததும் அதற்காகவே. வெளியிலிருந்து ஒருவர் பேசாமல் ஆசிரியர் கதையைப் போட மாட்டார், நிருபர் எப்படியும் அப்படி ஒருவரைத் தேடத்தான் போகிறார். அவர் நம் ஆளை விட்டுவிட்டு வேறொருவரிடம் கேட்டால் முகம் சுளிக்கக் கூடாது.

சில சில்லறை விஷயங்கள். மெயில் கைப்பேசித் திரையில் இரண்டு தள்ளலுக்குள் முடிய வேண்டும். படங்களை இணைப்பாக ஏற்றாமல் லிங்காகக் கொடுங்கள், லிங்க் பாஸ்வேர்டு கேட்காமல் திறக்கிறதா என்று வேறொரு கைப்பேசியில் சோதித்துவிட்டு. படத்தில் இடமிருந்து வலம் யார் யார், எடுத்தது யார் என்பது கட்டாயம். தமிழில் அனுப்புகிறவர்கள் யூனிகோடில் அனுப்புங்கள். பழைய எழுத்துருவில் அடித்து பிடிஎஃப் ஆக்கியதை நகலெடுத்தால் திரையில் கொத்துக் கொத்தாகக் குறியீடுகள்தான் விழும். அதைத் திரும்ப அடித்துக்கொண்டிருக்க எந்த சப்-எடிட்டருக்கும் நேரம் இல்லை.

பிரஸ் ரிலீஸ் எங்கே வருகிறது

பிட்ச் என்பது ஒருவருக்கு எழுதும் கடிதம். பிரஸ் ரிலீஸ் எல்லாருக்கும் பொதுவான ஆவணம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் மேலே பார்த்த முதல் மெயில் பிறக்கிறது.

நவீன பிரஸ் ரிலீஸின் தொடக்கமாகப் பலரும் காட்டுவது 1906 அக்டோபர் 28-ஐ. அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் பென்சில்வேனியா ரயில்வேயின் ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில் நிறுவனங்கள் விபத்தை மூடி மறைத்துப் பழகிய காலம் அது. அந்த நிறுவனத்துக்கு வேலை பார்த்த, முன்னாள் பத்திரிகையாளரான ஐவி லீ, நடந்ததை நிறுவனமே எழுதி நிருபர்களுக்குக் கொடுக்கும்படி செய்தார். நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே அச்சிட்டது. நல்ல செய்தியைப் பரப்புவதற்காகப் பிறந்த ஆவணம் இல்லை இது. நிருபர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு முன்கூட்டியே எழுதிவைத்த பதில். இன்றும் ரிலீஸை அப்படி எழுதினால் போதும்: என்ன நடந்தது, யாருக்கு, எப்போது, எங்கே, ஏன், எப்படி. முக்கியமானது மேலே, மற்றவை இறங்கு வரிசையில். இடம் போதாதபோது செய்தியைத் திருத்தும் டெஸ்க் கீழிருந்துதான் வெட்டும். "பெருமிதம் கொள்கிறேன்" என்று தொடங்கும் நிர்வாக இயக்குநரின் மேற்கோள்தான் முதலில் போகும். மேற்கோள் தப்பிப் பிழைக்க வேண்டுமென்றால், வேறு யாரும் சொல்ல முடியாத ஏதாவது அதில் இருக்க வேண்டும்.

நேரம்

நாளிதழுக்கு, காலைக் கூட்டத்துக்கு முன்பே மெயில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மாலையில் பக்கம் முடிக்கும் நேரத்தில் போன் செய்தால் நல்ல கதையும் கெட்டுப்போகும். மாத இதழ்கள் சில மாதங்கள் முன்னாலேயே திட்டமிடும், ஆண்டிறுதிச் சிறப்பிதழுக்கு ஆண்டிறுதியில் போய் நிற்பதில் பயனில்லை. தேர்தல் முடிவு, பட்ஜெட் போன்ற நாட்களில் ஒதுங்கியிருங்கள். அதற்கு மறுநாளும்.

எம்பார்கோ, எக்ஸ்க்ளூசிவ், ஆஃப் த ரெக்கார்ட்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

எம்பார்கோ என்றால், விவரத்தை இப்போது தருகிறேன், இன்ன நாள் இன்ன மணிக்கு முன் வெளியிடக் கூடாது என்ற உடன்பாடு. உடன்பாடு என்றால் இரு பக்கமும் சம்மதிக்க வேண்டும். ஆவணத்தின் தலையில் கொட்டை எழுத்தில் "எம்பார்கோ" என்று போட்டுக் கேட்காமலே அனுப்பிவிட்டு, வெளியானதும் குதிப்பதில் நியாயமில்லை. "இப்படி ஒரு விஷயம் இருக்கிறது, செவ்வாய் காலை 6 மணி வரை எம்பார்கோ, சம்மதமா?" என்று முதலில் ஒரு மெயில். "சரி" என்று எழுத்தில் வந்த பிறகுதான் விவரம். எந்த ஊரின் 6 மணி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சம்மதித்த எம்பார்கோவும் எப்போதும் நிற்பதில்லை. 1945 மே 7 அன்று பிரான்சின் ரீம்ஸ் நகரில் ஜெர்மனி சரணடைந்து கையெழுத்திட்டதை நேரில் பார்க்கச் சில நிருபர்களை மட்டும் அழைத்துப் போனார்கள், சொல்லும் வரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஜெர்மன் வானொலியே சரணடைந்ததை அறிவித்துவிட்ட பிறகு, அசோசியேட்டட் பிரஸ்ஸின் எட்வர்ட் கென்னடி செய்தியை அனுப்பிவிட்டார். அவருக்கு வேலை போயிற்று. 2012-இல், அவர் இறந்து பல்லாண்டு கழித்து, அந்த முகமை மன்னிப்புக் கேட்டது. ஐரோப்பாவில் உலகப்போர் முடிந்த செய்தியையே கட்டிவைக்க முடியவில்லை. வேறு எங்காவது கசிந்த பிறகு உங்கள் எம்பார்கோவைப் பிடித்துத் தொங்காதீர்கள். கசிந்தது தெரிந்ததும் சம்மதித்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் "எம்பார்கோ நீக்கப்பட்டது" என்று அனுப்பிவிடுங்கள். வாக்கைக் காப்பாற்றியவர் பின்தங்கிவிட்டால் அடுத்த முறை யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

எக்ஸ்க்ளூசிவ் என்றால் ஒருவருக்கு மட்டும். இருவருக்கு அந்த வார்த்தையைச் சொன்னால் அன்று இரவே இருவருக்கும் தெரிந்துவிடும். ஒருவரிடம் கொடுத்து, "புதன் மாலைக்குள் வேண்டுமா வேண்டாமா சொல்லுங்கள், இல்லையென்றால் வேறிடம் போகிறேன்" என்று கெடு வையுங்கள்.

ஆஃப் த ரெக்கார்ட், அதாவது வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு பேசுவது பற்றி ஒரே விதி: பேசுவதற்கு முன் இருவரும் ஒத்துக்கொண்டால்தான் உண்டு. சொல்லி முடித்துவிட்டு "இதைப் போட்டுடாதீங்க" என்றால் நிருபர் கருணை காட்டலாம், காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியே வரக் கூடாதது எதுவோ அதைச் சொல்லாமல் இருப்பது சுலபம்.

பதில் வராதபோது

பெரும்பாலும் வராது. இரண்டு மூன்று நாள் கழித்து ஒரே ஒரு ஃபாலோ-அப். அதில் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும்: ஆசிரியையின் படம் தயாராகிவிட்டது, நிபுணர் இன்னொரு காரணமும் சொல்கிறார், இப்படி ஏதாவது. "மெயில் அனுப்பியிருந்தேன், பார்த்தீங்களா?" என்ற போன் மட்டும் வேண்டாம். டெஸ்க்கில் இருந்த காலத்தில் ஒரே ரிலீஸுக்கு ஒரே அலுவலகத்திலிருந்து மூன்று வெவ்வேறு குரல்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கின்றன. மூன்றாவது போனுக்குப் பின் அந்த எண்ணை "எடுக்காதே" என்ற பெயரில் சேமித்துவைத்தோம்.

"வேண்டாம்" என்று பதில் வந்தால் சந்தோஷப்படுங்கள், அதற்கே ஒருவர் நேரம் ஒதுக்கியிருக்கிறார். "நன்றி, எந்த மாதிரி விஷயம் உங்களுக்கு உதவும்?" என்று ஒரு வரி எழுதலாம். வாதாடக் கூடாது.

எடுத்துக்கொண்டால்

இனி வேகம்தான் மரியாதை. நிருபர் மதியம் மூன்று மணிக்கு ஓர் எண்ணைக் கேட்டால் நாலு மணிக்குள் கொடுங்கள், முடியாதென்றால் முடியாது என்பதை மூன்றரைக்குள் சொல்லுங்கள். பேசப்போகிறவரிடம் முந்தின நாளே உட்கார்ந்து, கேட்கக்கூடிய கசப்பான கேள்விகளை நீங்களே கேட்டுப் பாருங்கள். பேட்டி நடக்கும்போது இடையில் புகுந்து "சார் என்ன சொல்ல வர்றார்னா" என்று விளக்காதீர்கள்.

வெளியாகும் முன் செய்தியைக் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். பெயர், பதவி, எண் சரியா என்று நிருபரே கேட்டால் சரிபார்த்துக் கொடுக்கலாம், அதற்கு மேல் நமக்கு உரிமையில்லை. உறையில் பணம், பரிசு, இலவசப் பயணம் எல்லாம் அவர்கள் வேலைக்கு உலை வைக்கும். நிருபர்கள் அன்பளிப்பையும் சலுகையையும் மறுக்க வேண்டும் என்று அமெரிக்கத் தொழில்முறைப் பத்திரிகையாளர் சங்கத்தின் நெறிமுறை வெளிப்படையாகவே சொல்கிறது. வரிக்கு வரி நம் இஷ்டப்படி வர வேண்டுமென்றால் அதற்கு விளம்பரம் இருக்கிறது, விளம்பரம் என்ற அடையாளத்தோடு.

செய்தியில் தவறு வந்தால், எந்த வரி, சரியான விவரம் என்ன, ஆதாரம் எது என்று மூன்று வரியில் நிருபருக்கு எழுதுங்கள். நேரே ஆசிரியரிடம் போவது கடைசி வழி. தவறும் பிடிக்காததும் வேறு வேறு. பிடிக்காததற்குத் திருத்தம் கேட்க முடியாது.

மேலே சொன்ன காதுகேள் கருவிக் கதை வெளியானால் எப்படி வரும் என்று யோசித்துப் பாருங்கள். தலைப்பில் விரல் இருக்கும், படத்தில் ஆசிரியை இருப்பார், நிறுவனத்தின் பெயர் ஒன்பதாவது பத்தியில் வரும். காலை ஏழரை மணிக்கு மேலாளர் போன் செய்து "நம்ம பேரு ஒன்பதாவது பாராவுலயா?" என்பார். ஆகவே ஏழு மணிக்கே நீங்கள் முந்திக்கொண்டு லிங்கை அனுப்பி, முதல் எட்டுப் பத்தியும் ஏன் அவருடைய கருவிக்காகவே எழுதப்பட்டது போல இருக்கிறது என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். பிறகு உங்கள் குறிப்பேட்டைத் திறந்து, அந்த நிருபர் கேட்டு உங்களால் பதில் சொல்ல முடியாமல் போன கேள்விகளைக் குறித்துக்கொண்டு, சர்வீஸ் பிரிவுக்குப் போங்கள்.